வீட்டுச் சேமிப்பகமும் வெளியூர்ப் பிரதியும்: பேராதனைச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டிலுள்ள கணினிகளும் கைபேசிகளும் தொலைக்காட்சியும் ஒரே ரவுட்டரின் வழியாகச் சென்று கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் கூடியதாக, இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கும் சிறு கணினியே வலையமைப்புச் சேமிப்பகம் எனப்படுகிறது. கடைகளிலும் பயன்படுத்துவோர் பேச்சிலும் நாஸ் என்ற சுருக்கப் பெயரே வழங்குகிறது. இதனை அமைப்பது பற்றிய கையேடுகள் பெரும்பாலும் தடையற்ற மின்சாரமும் அளவுக் கட்டுப்பாடில்லாத இணையமும் உள்ள நாடுகளின் வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மகாவலி வளைந்தோடும், ஹந்தானைச் சரிவு வீட்டுப் பின்வளவு வரை இறங்கிவரும், இடைப்பருவ மழைக்காலத்தின் பிற்பகல்களில் இடி முழங்கும் பேராதனையில் அந்த அறிவுரைகளுள் எவை பொருந்தும், எவை திருத்தப்பட வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. பெட்டிக்குள் எத்தனை வன்தட்டுகள் இருக்கின்றன என்பதைவிட, அவற்றில் உள்ளவற்றின் பிரதி எந்த ஊரில் இருக்கிறது என்பதே முதன்மையானது என்ற நிலைப்பாட்டை இக்கட்டுரை எடுக்கிறது.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது முதல் இவ்வூரின் வீடுகளில் எழுத்தும் பதிவும் குவிந்துவந்துள்ளன. ஒலிநாடாவிலிருந்து மாற்றிய கூத்துப் பாடல்கள், களஆய்வில் எடுத்த நேர்காணல்கள், பாதியில் நிற்கும் ஆய்வேடுகள், செடிகொடிகளின் படங்கள் என ஒரு விரிவுரையாளரின் வீட்டில் சேர்வன எந்த நூலகப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே அவை அழிந்தால் அழிந்ததென்று வெளியுலகுக்குத் தெரியப்போவதுமில்லை. அயலிலுள்ள தோட்டங்களிலிருந்து வந்து கண்டியிலும் கெலிஓயாவிலும் குடியமர்ந்த மலையகக் குடும்பங்களின் வீடுகளிலோ காணி உறுதி, பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்று ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகளே முதற்சொத்து. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பகுதியினர் நாடற்றோராகி, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே பங்கிடப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை பெற்ற ஒரு சமூகத்துக்கு, கேட்ட நேரத்தில் ஒரு தாளைக் காட்ட முடியாமற்போவதன் விலையை எவரும் விளக்கத் தேவையில்லை. இவ்விரு வகை வீடுகளிலும் ஒரே உண்மை காணப்படுகிறது: மீண்டும் பெறவே முடியாதவை அளவிற் சிறியவை, பெரும்பாலும் சில நூறு கிகாபைட்டுக்குள் அடங்குபவை, டெராபைட் கணக்கில் இடம் பிடிப்பவை திரைப்படங்களும் தொடர்களும், அதாவது மறுபடி எங்கேனும் கிடைக்கக்கூடியவை. இந்த வேறுபாட்டைச் செய்யாமல் தொடங்கும் திட்டம் செலவில் முடங்கிப்போகும்.

தொழில்நுட்ப வரலாற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கணினியின் வட்டைப் பிற கணினிகள் தமதுபோல் பயன்படுத்தும் வழி 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட என்எப்எஸ் முறையோடு பரவியது. விண்டோஸ் கணினிகளுடன் யுனிக்ஸ் வழிவந்தவை பேசுவதற்கு உதவும் சம்பா மென்பொருளை அன்ட்ரூ டிரிஜல் 1990களின் தொடக்கத்தில் கான்பராவில் எழுதத் தொடங்கினார். 2005இல் தோன்றிய ஃபிரீநாஸ், இன்று ட்ரூநாஸ் என்ற பெயரில் வழங்குகிறது. டெபியன் லினக்ஸின் மேல் அமைந்த ஓப்பன்மீடியாவால்ட் 2011இல் வந்தது. இவ்விரண்டையும் விலையின்றிப் பெறலாம். தாய்வானைச் சேர்ந்த சினொலொஜி, கியூநாப் ஆகிய நிறுவனங்கள் பெட்டியையும் மென்பொருளையும் சேர்த்தே விற்கின்றன.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. ஆயத்தப் பெட்டி விலை கூடியது, ஆனால் மின்சாரத்தைக் குறைவாக உண்பது. பழைய மேசைக்கணினி கையிலேயே இருப்பது, ஆனால் மின்பட்டியலில் தன்னைக் காட்டிக்கொள்வது. இரண்டு தட்டுகளுடன் சராசரியாக 20 வாட் எடுக்கும் ஒரு பெட்டி 30 நாட்களில் 14 அலகுகளுக்குச் சற்று மேல் செலவிடும். 70 வாட் எடுக்கும் பழைய கணினியோ அதே காலத்தில் 50 அலகுகளைத் தொடும். மாதம் 60 அலகுகளைத் தாண்டும் வீடுகளுக்கு மின்சார சபையின் கட்டண அட்டவணையே மாறிவிடுவதால், சிக்கனமான ஒரு குடும்பத்துக்கு இந்த 36 அலகு வேறுபாடு அவ்வளவு சிறியதல்ல. மூன்றாவது வழியான ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினி மலிவானது. எனினும் அதன் இயங்குதளம் வழக்கமாக வைக்கப்படும் சிறு நினைவு அட்டை, திடீர் மின்வெட்டில் எளிதில் கெடுகிறது. யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் பெறும் தட்டுகளை அதில் இணைத்தால் மின்னழுத்தம் போதாமல் அவை அடிக்கடி துண்டிக்கப்படுகின்றன. கற்பதற்கு அது நல்ல கருவி. குடும்பத்தின் ஒரே ஆவணக் களஞ்சியமாக அதனை நம்புவது தவறு.

தட்டைத் தெரிவதில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோலப் பதிவுத் தடங்கள் ஒன்றன்மேலொன்று படியும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளில் ஒரு தடத்தை மாற்றி எழுதுவதற்கு அயல் தடங்களையும் திருப்பி எழுத வேண்டியிருப்பதால், தொடர்ச்சியாகப் பெருமளவு எழுதும்போது அவற்றின் வேகம் வெகுவாக வீழ்கிறது. சேமிப்பகத்துக்கென்றே விற்கப்பட்ட சில தட்டுகளும் அறிவிப்பின்றி இவ்வகையாக மாற்றப்பட்டிருந்தமை 2020 ஏப்ரலில் வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. ஆகவே சிஎம்ஆர் என்ற பழைய பதிவு முறையைச் சேர்ந்த தட்டுத்தானா என்பதை மாதிரி எண்ணைக்கொண்டு உறுதிசெய்த பின்னரே கண்டியிலோ கொழும்பிலோ பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பல தட்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் ரெயிட் முறை, 1988இல் பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ரான்டி காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுரையிலிருந்து புகழ்பெற்றது. அதன் எளிய வடிவமான மிரர் முறையில் ஒரே தரவு இரு தட்டுகளில் ஒருங்கே எழுதப்படுவதால், ஒன்று பழுதானாலும் மற்றதைக்கொண்டு வேலை தொடரலாம். தன் தட்டுகளின் பழுதுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் பாக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அண்மைய ஆண்டுக் கணக்குகளின்படி, நூறு தட்டுகளில் ஓராண்டில் ஒன்றோ இரண்டோ பழுதாகின்றன. மிரர் எதிர்கொள்வது இந்த ஓர் ஆபத்தையே. குழந்தையின் விரல் தவறி அழித்த கோப்பு இரு தட்டுகளிலும் அதே கணத்தில் அழிகிறது. ரான்சம்வெயர் எனப்படும் கப்பம் கேட்கும் தீநிரல் பூட்டிய கோப்பு இரண்டிலும் பூட்டப்படுகிறது. மின்னல் இறங்கினால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் எரிகின்றன. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரு தட்டுகள் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையாயின் அடுத்தடுத்துப் பழுதாகும் வாய்ப்பும் உண்டு. ரெயிட் வேலை நிற்காமற் காப்பது. தரவு அழியாமற் காப்பது வேறு வேலை. நிறுவனங்களுக்கு முதலாவது முக்கியம். இரண்டு நாள் படங்களைப் பார்க்க முடியாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாத வீட்டுக்கோ அது வசதி மாத்திரமே. நாலு தட்டுப் பெட்டியை நாடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

தட்டின் மேல் அமையும் கோப்பு முறைமைக்கு அதைவிடக் கூடிய கவனம் தகும். சன் நிறுவனத்தில் உருவாகி 2005இல் மூலநிரலோடு வெளிவந்த இசட்எப்எஸ், ஒவ்வொரு தரவுத் துண்டுடனும் அதன் சரிபார்ப்புத் தொகையையும் பதிகிறது. பல ஆண்டுகள் திறக்கப்படாத ஒரு படத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருந்தாலும் படிக்கும்போது அது பிடிபடும், மிரர் இருப்பின் நல்ல பிரதியிலிருந்து திருத்தவும்படும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் என்ற பணியை இரவில் ஓடவிடலாம். ஸ்னப்ஷொட் என்ற மற்றொரு வசதி, குறித்த கணத்தில் கோப்புகள் இருந்த நிலையை மாற்ற முடியாதவாறு நிறுத்திவைக்கிறது. அதன் பின்னர் மாறியவை மட்டுமே கூடுதல் இடம் பிடிக்கும். பட்ரெஎப்எஸ் என்ற லினக்ஸ் முறைமையிலும் இவை உண்டு. தவறி அழித்ததை மீட்பதற்கு இதனினும் எளிய வழி இல்லையெனினும், ஸ்னப்ஷொட்டும் அதே தட்டில்தான் வாழ்கிறது என்பதை மறக்கலாகாது.

இனி ஊரின் இயல்புக்கு வரலாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 2020 ஓகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9 ஆகிய நாட்களில் நாடே இருண்டது. 2025 பெப்ரவரி 9இல் மீண்டும் அவ்வாறே நேர்ந்தபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் கூறியதை உலகமே வியந்து பேசியது. குரங்குகள் உலவும் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அயலில் வாழ்வோருக்கு அதில் வியப்பு ஏதும் இருந்திராது. மின்சாரம் போவதைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போது போவதும், திரும்புகையில் ஏற்ற இறக்கத்தோடு வருவதுமே தட்டுக்குத் தீங்கு. ஆகவே யூபிஎஸ் என்ற மின்கலப் பெட்டி இங்கு ஆடம்பரமன்று. அது மணிக்கணக்கில் தாங்க வேண்டியதில்லை. யூஎஸ்பி வயரால் சேமிப்பகத்துடன் இணைக்கப்பட்டு, மின்கலம் குறையத் தொடங்கியதும் ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி ஆணையிட்டால் போதும். அந்த வயரை இணைக்காமல் யூபிஎஸ்ஸைப் பயன்படுத்துவோரே மிகுதி. அதனால் பாதிப் பயன் வீணாகிறது. அதிலுள்ள ஈய அமில மின்கலம் சில ஆண்டுகளில் சத்திழக்கும், மாற்ற வேண்டும்.

மின்னலின் கதை வேறு. இலங்கையில் இடிமின்னல் உச்சம்பெறும் காலங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களுமாகும். கம்பத்திலிருந்து செம்புக் கம்பியாக வந்த பழைய தொலைபேசி இணைப்பின் வழியே மின்னெழுச்சி ரவுட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து வலையமைப்பு வயரினூடாகச் சேமிப்பகம்வரை செல்லக்கூடியது; சுவரிலுள்ள மின்செருகியைப் பிடுங்கிவைத்தவர் இந்தப் பின்வாசலை மறந்துவிடுகிறார். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாததால் ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளில் இந்த ஆபத்தின் ஒரு வழி அடைபட்டது. ஆயினும் கூரைமேல் கமராவுக்கென இழுத்த செம்பு வயர் அதே ஆபத்தைத் திருப்பி அழைத்துவரும். முறையான புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் எழுச்சித் தடுப்பான் பொருத்துவது பெயரளவுக் காரியம். ஈரப்பதத்தைப் பொறுத்தவரை, ஓடிக்கொண்டிருக்கும் தட்டு தன் வெப்பத்தாலேயே ஓரளவு தப்பிக்கொள்கிறது. அலுமாரியில் மாதக்கணக்கில் உறங்கும் வெளித்தட்டையே காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்க வேண்டும். எறும்பும் பல்லியும் சூடான பெட்டிகளை நாடுவன என்பதால், சேமிப்பகத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றோட்டமும் தூய்மையும் உள்ள இடத்தில் நிறுத்துவது நன்று.

வீட்டுக்குள்ளான வலையமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றே: கிகாபிட் துளையுள்ள ரவுட்டரும் நல்ல வயரும் இருந்தால் நொடிக்கு 110 மெகாபைட் வரை செல்லும், ஒரு டெராபைட்டை இரண்டரை மணிநேரத்தில் நகர்த்தலாம், பழைய 100 மெகாபிட் துளையாயின் அதே வேலைக்கு ஒரு நாள் முழுவதும் போதாது. வெளியூரிலிருந்து சேமிப்பகத்தை அடையும் ஆசையே பெரிய ஆபத்துக்கு வழிவிடுகிறது. ரவுட்டரில் ஒரு துளையைத் திறந்து பெட்டியை நேரே இணையத்துக்குக் காட்டியவர்களுள் பலர் 2014இல் சினொலொஜி பெட்டிகளைப் பூட்டிய சினோலொக்கரிடமும், 2022இல் கியூநாப் பெட்டிகளைப் பூட்டிய டெட்போல்ட்டிடமும் கப்பம் கட்ட நேர்ந்தது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிற்றலின் மைபுக்லைவ் என்ற பெட்டிகள் உலகெங்கும் தொலைவிலிருந்தே வெறுமையாக்கப்பட்டன. அவற்றுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வயர்காட் போன்ற விபிஎன் முறையில், அதாவது மறைகுறியாக்கிய தனிவழியில், மட்டுமே வீட்டுக்குள் வரவேண்டும். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் இணைய சேவைகளில் வெளியிலிருந்து நேரே வர இயலாது. இது குறையாகப் பேசப்பட்டாலும், அனுபவமற்ற பயனருக்கு அதுவே கவசமாகிறது.

இத்தனையும் செய்த பின்னரும் தரவின் ஒரே பிரதி ஒரே கூரையின்கீழ் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ 2005இல் தம் நூலில் எடுத்துரைத்து, பின்னர் உலகெங்கும் வாய்பாடாகிவிட்ட 3-2-1 விதி இவ்விடத்தில் தொடங்குகிறது: எந்தத் தரவுக்கும் மூன்று பிரதிகள், அவை இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில். இந்த விதியை மீறினால் என்ன நிகழும் என்பதற்கு இலங்கை தன் செலவிலேயே சான்று தந்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 அன்று அரசின் மேகக் கணினியமைப்பை ஒரு ரான்சம்வெயர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையகம் விரைவிலேயே மீள இயங்கியது. ஆனால் மே 17 முதல் தாக்குதல் நாள் வரையான மின்னஞ்சல்களுக்கு எங்கும் பிரதி இல்லை, ஏனெனில் இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. துண்டித்துவைத்த பிரதி எதுவும் அக்காலத்துக்கு எடுக்கப்பட்டிருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பதிப்பு. இத்தாக்குதலுக்கு ஈராண்டு முன்னரே, 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரச மேகத்திலிருந்து அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம்வரை சென்றிருந்தது. அந்த முன்னறிவிப்பு போதவில்லை.

வளர்ந்த நாடுகளுக்கு இது விலக்கு என்று எண்ணுவதற்கில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசத் தரவு மையத்தில் மின்கலம் ஒன்றிலிருந்து பரவிய தீ, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளை எரித்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அந்தத் தொகுதிக்கு வெளிப்பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. இதே சாக்கை, இதைவிட மிகச் சிறிய அளவில், வீடுகளிலும் கேட்கலாம். எல்லாவற்றையும் காக்க இடமில்லை என்பதால் எதையும் காக்காமல் விடுவதற்கும், அரியவற்றைப் பிரித்தெடுத்து அவற்றை மட்டும் மும்முறை காப்பதற்கும் இடையே உள்ள தெரிவு பணத்தைச் சார்ந்ததன்று.

வேறிடம் என்பதன் பொருள் என்ன என்ற கேள்வியே பேராதனையில் மிகுந்த சிந்தனையை வேண்டுவது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா சூறாவளியில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் கண்டியே கூடுதல் உயிர்களை இழந்தது. மகாவலி பெருகித் தாழ்நிலங்களை மூழ்கடித்த அதே நாட்களில் மேட்டுநிலங்களில் மண் சரிந்தது. ஆற்றோர வீட்டில் இருப்பவர் தம் இரண்டாவது தட்டை மலைச்சரிவிலுள்ள நண்பரிடம் கொடுத்துவைத்திருந்தாலும், ஒரே மழை இரண்டு வீடுகளையும் தேடிவந்திருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தட்டு வாங்குவதற்கு முன் பார்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். இவ்வூரில் அது நியாயமான முன்னேற்பாடே. அலுவலக மேசை இழுப்பறையும் பக்கத்து வீட்டு அலுமாரியும் திருட்டுக்கும் தீக்கும் எதிராகப் பயன்படும். ஆற்றுக்கும் மலைக்கும் எதிராகப் பயன்பட மற்றொரு மாகாணம் வேண்டும்.

ஒரே பிரதி, ஒரே கட்டடம் என்பதன் விளைவைத் தமிழர் 1981இல் அறிந்தனர். அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பில் அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள்; அவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் வேறெங்கும் பிரதியில்லாத ஆவணங்களும் இருந்தன. அது திட்டமிட்ட வன்செயல், அதனை எந்தத் தொழில்நுட்பக் குறைபாட்டோடும் ஒப்பிடலாகாது. எனினும் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் திறந்து வைத்ததன் மூலம், எவரும் எங்கிருந்தும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும் நிலையை உருவாக்கியது. பெருமளவில் படியெடுக்கப்பட்ட ஒன்றை அழிப்பது கடினம் என்ற கொள்கையை இதைவிடத் தெளிவாகச் செயலிற் காட்டிய தமிழ் முயற்சி அரிது. வீட்டிலுள்ள பழைய இதழ்கள், சிறப்பு மலர்கள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள் போன்ற பொதுப் பயனுடையவற்றை இத்தகைய திட்டங்களுக்குக் கொடுத்துவிடுவது, கொடுப்பவருக்கே இலவசமாக ஒரு வெளிப்பிரதியைப் பெற்றுத்தருகிறது.

வெளிப்பிரதிக்கு மேகச் சேமிப்பு, அதாவது மாதச் சந்தாவுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கணினியில் இடம்பெறுவது, எளிதான வழியாகச் சொல்லப்படுகிறது. அதன் தடைகள் இரண்டு. முதலாவது, சந்தா டொலரில் அமைவது: 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியபோது இத்தகைய சந்தாக்களின் சுமை அதே விகிதத்தில் ஏறியது. சந்தா நின்றால் பிரதியும் நாளடைவில் போய்விடும். இரண்டாவது, பதிவேற்றத்தின் அளவும் வேகமும்: நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இடைவிடாது அனுப்பினாலும் 4 டெராபைட் சென்றடைய 18 நாட்களுக்கு மேலாகும், மாதம் 100 கிகாபைட் எல்லையுள்ள பொதியிலோ அதே அளவு மூன்றாண்டுகளைத் தாண்டும். ஆகவே 200 அல்லது 300 கிகாபைட்டான அரியவற்றுக்கு மேகம் பொருந்தும். முழுச் சேமிப்பகத்துக்குப் பொருந்தாது.

இதற்கு மாற்றாக, பேராதனைக்கென்றே அமைந்த வழி ஒன்று உண்டு. ஏ9 நெடுஞ்சாலை கண்டியில் தொடங்கி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் சென்று யாழ்ப்பாணத்தில் முடிகிறது. வடக்கிலும் கிழக்கிலும் பெற்றோரைக் கொண்ட விரிவுரையாளர்களும் மாணவர்களும் பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் ஊர் போகிறார்கள். வீட்டில் ஒன்று, ஊரில் ஒன்று என இரு வெளித்தட்டுகளை வைத்து, ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக நிரப்பியதைக் கொண்டுபோய்ப் பழையதை எடுத்துவந்தால், 18 நாள் பதிவேற்றம் ஓர் இரவுப் பேருந்துப் பயணமாகச் சுருங்கும். ஊரில் இருக்கும் தட்டு எதிலும் இணைக்கப்படாதது. ஆகவே எந்தத் தீநிரலும் அதனைத் தொடாது. இரு பயணங்களுக்கிடையே சேரும் சில கிகாபைட்டுகளை மட்டும் இணையவழி அனுப்பிவைக்கலாம். சற்று வசதியுள்ளோர் ஊர் வீட்டில் மற்றொரு சிறு பெட்டியை நிறுத்தி, அது பேராதனைப் பெட்டியிலிருந்து இரவில் தானே மாற்றங்களை இழுத்துக்கொள்ளும்படி செய்யலாம். இழுப்பது ஊர்ப் பெட்டியாகவே இருக்க வேண்டும். பேராதனைப் பெட்டி அங்கே எழுத உரிமை பெற்றிருந்தால், இதனைப் பிடித்த தீநிரல் அதனையும் பிடிக்கும்.

மென்பொருள்களில் ஆர்சிங்க் 1996 முதல் புழங்குவது. மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும் திறமையால் மெதுவான இணைப்புக்கு ஏற்றது. எனினும் மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும்படி பணித்து அதனை ஓடவிட்டால், மூலம் வெறுமையானவுடன் பிரதியும் வெறுமையாகும். போர்க், ரெஸ்டிக் ஆகியன பல நாட்களின் நிலைகளைத் தனித்தனியே வைத்திருப்பவை. திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை ஒருமுறையே சேமிப்பவை. வெளியேறுமுன்னே எல்லாவற்றையும் மறைகுறியாக்குபவை. நேர்காணல் தந்தோரின் பெயர், நோய், காணி விவரங்களை வைத்திருக்கும் ஆய்வாளருக்கு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் மறைகுறியாக்கம் நல்லொழுக்கத்தைத் தாண்டிக் கடமையின் எல்லைக்குள் வருகிறது. அதன் மறுபக்கம் கடுமையானது: கடவுச்சொல் போனால் தரவும் போயிற்று, முறையிட எவருமில்லை. அச்சொல்லைத் தாளில் எழுதி, தட்டு இருக்கும் இடத்தில் அல்லாமல் காணி உறுதி இருக்கும் இடத்தில் வைப்பது தக்கது. குடும்பத்தில் மற்றொருவரும் அதனை அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் சேமிப்பகத்தை அமைத்தவர் இறந்தபின் திறக்க முடியாத பெட்டி எவருக்கும் பயன்படாது.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு மட்டுமே நேரும் சில இடர்ப்பாடுகளை ஆங்கிலக் கையேடுகள் கண்டுகொள்வதில்லை. விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம்; லினக்ஸின் வழக்கமான முறைமைகளிலோ எல்லை 255 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுப்பதால் 85 குறியீடுகளிலும், உயிர்மெய்க்கு இரு குறியீடு என்று கொண்டால் நாற்பது சொச்சம் எழுத்துகளிலும் எல்லை முடிந்துவிடுகிறது; கட்டுரைத் தலைப்பை அப்படியே பெயராக இடுவோரின் கோப்புகள் பிரதியாகாமல் அறிக்கையின் ஒரு மூலையில் பிழையாகப் பதியும். சினொலொஜியின் மறைகுறியாக்கிய பொதுக்கோப்புறைகளில் இந்த எல்லை இன்னும் குறுகி 47 குறியீடுகளில் நிற்கிறது. மற்றது, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் எழுத யூனிகோடு இடந்தருவது. பழைய மாக் கணினிகள் இதனைப் பிரித்தே பதிந்தமையால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் லினக்ஸுக்கு இரண்டாகி, ஒரே கோப்பு இருமுறை சேர்கிறது. இவற்றைவிடப் பெரியது பாமினி எழுத்துருவின் சிக்கல். யூனிகோடு பரவுமுன் இலங்கையில் தட்டச்சான தமிழ் ஆவணங்களில் பெரும்பங்கு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த அந்த எழுத்துருவிலேயே உள்ளது. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் திறக்கின்றன. கோப்பை மும்முறை காத்தும் வாசிக்க முடியாமற்போகும் நிலை இது. ஆகவே மூலக்கோப்புடன் எழுத்துருவையும், யூனிகோடுக்கு மாற்றிய பிரதியையும், பிடிஎப் வடிவத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

கடைசியாக, மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதியென்று கணக்கிடக் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற நிரலாளர் சேவை நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தபோது, பல வழிகளில் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணிநேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த பிரதி ஒன்றே அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது. பிரதி எடுக்கும் பணி தோல்வியுற்றால் மின்னஞ்சல் வரும்படி அமைப்பதும், ஆறு மாதத்துக்கொருமுறை ஏதேனும் ஒரு கோப்புறையை ஊரிலிருந்து வந்த தட்டிலிருந்து மட்டுமே மீட்டு, வேறொரு கணினியில் திறந்து பார்ப்பதும் போதுமானவை. பண்டிகைக்குத் தட்டு மாற்றும் நாளே அதற்கு வசதியான நாள்.

செலவைப் பங்கிடும்போது நாலு தட்டுப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தை இரண்டு தட்டுப் பெட்டி, ஒரு யூபிஎஸ், இரு வெளித்தட்டுகள் எனப் பிரிப்பதே இவ்வூருக்குப் பொருந்தும். யூபிஎஸ்ஸுக்கும் வெளித்தட்டுகளுக்கும் பணம் மிஞ்சாத குடும்பம் சேமிப்பகம் வாங்குவதை ஒத்திவைத்து, அந்த இரு வெளித்தட்டுகளை மட்டும் வாங்கி, ஒன்றை அடுத்த பயணத்திலேயே ஊருக்கு அனுப்பிவிட வேண்டும்.